இசைத்தட்டு, காகிதம், ஃபிலிம்: எதற்குத் திரும்பலாம், எதை விட்டுவிடலாம்

ஒருவருக்கு இசைத்தட்டு வாங்கிக் கேட்க ஆசை. இன்னொருவருக்குக் கைப்பேசியின் பிடியிலிருந்து எப்படியாவது விடுபட வேண்டும். நோட்டில் எழுத ஆரம்பித்தால் சரியாகுமா என்று கேட்கிறார். மூன்றாமவர் காசு கொடுத்து வாங்கிய மின்னூல் ஒருநாள் திறக்கவே இல்லை. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. மூவரும் சொல்வது என்னவோ ஒன்றையேதான்: "இந்த டிஜிட்டல் சங்காத்தமே வேண்டாம், பழையபடி மாறிடலாம்னு பார்க்கிறேன்."

பேச்சு ஒன்றாக இருந்தாலும் குறை மூன்று. முதலாமவர் தேடுவது சுவை. இரண்டாமவர் தேடுவது கவனம். மூன்றாமவருக்கு வேண்டியது, வாங்கிய பொருள் தனக்கே சொந்தம் என்ற உறுதி. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குக் கிளம்பினால் தலைவலிக்குக் கண் மருந்து வாங்கிய கதையாகிவிடும். கைப்பேசியிலிருந்து தப்பிக்க நினைத்து இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் வாங்கியவர், எந்த முள் நல்லது என்று அதே கைப்பேசியில் இரவு ஒரு மணி வரை வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'கையில் பிடிக்கிற பொருள்' என்பதும் 'அனலாக்' (எண்களாக மாற்றாமல் அப்படியே பதிவது) என்பதும் ஒன்றில்லை. சிடியைக் கையில் பிடிக்கலாம். உள்ளே இருப்பது முழுக்க டிஜிட்டல், ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிந்தது. பூட்டில்லாமல் (நகலெடுக்கத் தடையில்லாமல்) விற்கப்படும் இசைக்கோப்பைக் கையில் பிடிக்க முடியாது, ஆனால் அது உங்களுடையது. வினைல் தட்டின், அதாவது பழைய இசைத்தட்டின், பள்ளம் அனலாக்தான். ஆனாலும் இன்று அச்சாகும் தட்டுகளில் பல, டிஜிட்டல் மூலப்பதிவிலிருந்து வெட்டப்பட்டவை. ஆக, சொந்தம்தான் உங்கள் கவலை என்றால் அனலாக் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

சொந்தம். விற்றவர் கடையை மூடினாலும், நீங்கள் சந்தாவை நிறுத்தினாலும் அது உங்களிடம் இருக்குமா? இரவல் கொடுக்கலாமா, பழைய பொருளாக விற்கலாமா, பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாமா?

கவனம். அதைக் கையில் எடுத்தபின் வேறு ஏதாவது உங்களைக் கூப்பிடுமா?

சுவை. தொடுவதிலும் திருப்புவதிலும் வாசனையிலும் கிடைக்கும் இன்பம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவைக்காக வாங்கிவிட்டு 'ஒலித்தரத்துக்காக' என்று சாக்குச் சொல்லும்போதுதான் பணம் தவறான இடத்துக்குப் போகிறது.

பராமரிப்பு. இடம், எடை, தூசி, உதிரிபாகம், உங்கள் நேரம். விலைச்சீட்டில் வராத செலவெல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மீட்பு. தண்ணீர் புகுந்தால், கரையான் அரித்தால், திருடு போனால் திரும்பக் கிடைக்குமா? கைப்பொருளுக்கு உலகத்தில் உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. கோப்புக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்து வைத்திருந்தால்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

## இசை

### ஸ்ட்ரீமிங்

புதியதைத் தேடிக் கண்டுபிடிக்க இதை மிஞ்ச ஒன்றுமில்லை. தன் ரசனை எது என்று இன்னும் முடிவாகாதவர்களும், வேலை செய்யும்போது பின்னணியில் ஏதாவது ஓடினால் போதும் என்பவர்களும் இதை விட்டு நகரவே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு, நிலையின்மை. நான் பல வருடம் சேர்த்த ஒரு பட்டியலில் ஒருநாள் காலையில் ஏழு பாடல்கள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. அறிவிப்பும் இல்லை, காரணமும் இல்லை. தட்டினால் ஓடாது, பெயர் மட்டும் நிற்கும். இசை நிறுவனத்துக்கும் சேவைக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிந்தால் நடப்பது இதுதான். 'பதிவிறக்கம் செய்துவிட்டேனே' என்றும் நிம்மதியடைய முடியாது. பதிவிறக்கிய பாடல்கள் தொடர்ந்து ஓட வேண்டுமானால் சாதனம் அவ்வப்போது இணையத்துக்கு வந்து சந்தாவை உறுதிசெய்தாக வேண்டும்.

அடுத்தவர் சர்வரில் இருப்பது எவ்வளவு பத்திரம் என்பதற்கு மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒரு பாடம். 2003 முதல் 2015 வரை கலைஞர்கள் அங்கே ஏற்றிவைத்த இசை, சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனது 2019இல் தெரியவந்தது. போனது சுமார் 5 கோடிப் பாடல்கள். ஏற்றியவர்களில் பலர் தங்களிடம் வேறு பிரதி வைத்திருக்கவில்லை.

### சிடி

என் ஓட்டு இதற்குத்தான், எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்த 12 செ.மீ. தட்டுக்கு இன்று மவுசு இல்லை. மவுசு இல்லாததே இதன் பெரிய பலம்: பழைய தட்டுகள் மலிவு, வினைலில் தேடினாலும் கிடைக்காத பலவும் சிடியில் கிடைக்கும். மனிதக் காது கேட்கக்கூடிய அதிர்வெண் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஒரு தட்டு வாங்கி, கணினியில் ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வகை) கோப்பாக எடுத்துக்கொண்டால் அளவு ஏறத்தாழ பாதியாகும், தரத்தில் ஒரு துளியும் குறையாது. பொருளும் உங்களிடம், கோப்பும் உங்களிடம். சொந்தம், மீட்பு என்ற இரண்டு அளவுகோலிலும் ஒருசேர முழு மதிப்பெண் வாங்குவது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

பலவீனமும் உண்டு. புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லை. யூஎஸ்பி டிரைவ் ஒன்று தனியாக வாங்கவேண்டும். தட்டும் சாகாவரம் பெற்றதில்லை. போன வருடம் பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தேன். விளிம்பை ஒட்டி ஊசி குத்தினதுபோல் மூன்று இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. வெள்ளி நிறப் பூச்சு அங்கே அரித்துப் போயிருக்கிறது. கோப்பாக எடுக்கப் பார்த்தால் பத்துப் பாட்டு சிக்கலில்லாமல் வந்தது. பதினொன்றாவதில் டிரைவ் முக்கி முனகி, நாற்பது நிமிடம் கழித்துக் கைவிட்டது. சிடியின் பதிவு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும், அதனால் விளிம்பு அரித்தால் முதலில் பலியாவது கடைசிப் பாடல்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பளபளக்கும் அடிப்பக்கத்துக் கீறலைப் பெரும்பாலும் தேய்த்துச் சரிசெய்யலாம். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. பிரதிபலிக்கும் படலம் அந்த மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மேஜையில் வைக்கும்போது எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் தேய்க்கிறோம்.

வீட்டில் எழுதிக்கொள்ளும் சிடி-ஆர் வேறு வகை. அதில் பதிவைத் தாங்குவது சாயம், அது வெளுக்கும். அப்படி எழுதிவைத்த குடும்பப் பதிவுகள் இருந்தால் இந்த வாரமே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

### வினைல்

33⅓ சுற்று நீண்ட இசைத்தட்டு 1948இல் வந்தது. 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின; 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. எனவே இது யாரோ நாலு பேரின் கிறுக்கு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் 'ஒலி இதில்தான் உண்மையாக இருக்கும்' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள் ஓடும் வேகம் மாறிக்கொண்டே வருகிறது: வெளிப்பள்ளத்தில் வினாடிக்கு 51 செ.மீ. அளவில் தொடங்கி, உள்ளே நெருங்கும்போது 21க்கு இறங்கிவிடும். அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்கவேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஒலிகள் கரகரக்கும். 'முழுக்க அனலாக்' என்பதையும் நம்பிவிட முடியாது. அந்த வாசகத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து ரசிகர்கள் வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022இல் அம்பலமானது. அதுவரை கேட்டவர்களில் எவரும் காதை வைத்து அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

செலவுக் கணக்கு இப்படி. பிளேயரோடு முடியாது, வெட்டும்போது குறைத்து வைத்த அடி ஒலியைச் சமன்செய்யும் ஃபோனோ பெருக்கி வேண்டும் (சில பிளேயர்களில் உள்ளேயே இருக்கும், வாங்குமுன் பாருங்கள்). முள்ளின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு மூன்று வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் தேய்ந்த முள் தட்டையும் சேர்த்துத் தின்னும். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுப் பிளேயர்கள் சிலவற்றில் முள் 5 கிராம் பாரத்தில் அழுத்தும். நல்ல காட்ரிட்ஜ்கள் (முள்ளைத் தாங்கும் பகுதி) 2 கிராமை ஒட்டியே நிற்கும். பிறகு எடை: 180 கிராம் தட்டு நூறு சேர்ந்தால் உறை இல்லாமலே 18 கிலோ. நிறுத்தித்தான் வைக்கவேண்டும், படுக்கவைத்து அடுக்கினால் நெளியும், வெயில் பட்டாலும் நெளியும்.

இவ்வளவையும் மீறி வினைல் வெல்லும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம். அது முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். பாட்டைத் தாண்டிக் குதிப்பது அவ்வளவு சுலபமில்லை. உட்கார்ந்து கேட்கவைக்கும் இந்தத் தொந்தரவுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அது வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

### கேசட்

1963இல் ஃபிலிப்ஸ் கொண்டுவந்தது. நாடா வினாடிக்கு 4.76 செ.மீ.தான் ஓடும், அதனால் இரைச்சல் கூடவே பிறந்தது. புதிதாக வரும் பிளேயர்களின் இயந்திரம் பழைய நல்ல பிளேயர்களுக்குக் கிட்டே வராது. பழையவற்றிலோ ரப்பர் பெல்ட் இளகிப்போயிருக்கும். ஏற்கெனவே கேசட் வைத்திருப்பவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

### பூட்டில்லாத கோப்பு

இடம் பிடிக்காது, எடை இல்லை, சொந்தம் முழுமை. ஆனால் நூலகர் வேலை உங்கள் தலையில். பெயரிடுவது, அடுக்குவது, இரண்டு வேறு ஹார்டு டிஸ்கில் பிரதி வைப்பது, மூன்றாவது பிரதியை வேறொரு கட்டடத்தில் வைப்பது. டிஸ்க் சொல்லிக்கொண்டு போகாது. இந்த ஒழுங்கு உங்களுக்கு வராது என்று தெரிந்தால் சிடிக்கே போய்விடுங்கள். அலமாரி தானாகவே ஒரு பிரதி.

## புத்தகம்

மின்னூலில் 'வாங்கு' பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் உரிமத்தை மட்டும். 2009இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் படிப்புக் கருவிகளிலிருந்து தானே அழித்தது. அதில் ஒன்று, ஆவணங்களை அழிக்கும் அரசைப் பற்றிய '1984'. பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போனதாக ஒரு மாணவர் வழக்குப் போட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. பணம் திரும்பக் கொடுத்தது, குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் தந்தது, புத்தகங்களோ யாருக்கும் மிஞ்சவில்லை. 2025 பிப்ரவரியில் கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியும் போனது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தரும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எரிச்சலில் இருக்கும் அந்த மூன்றாமவரின் பக்கம் நியாயம் இருக்கிறது.

காகிதம் சொந்தத்தில் முதலிடம். இரவல் கொடுக்கலாம் (திரும்பி வருவது வேறு விஷயம்). கவனத்திலும் மேல்தான். 2018இல் வெளியான, 54 ஆய்வுகளையும் 1,70,000க்கு மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் ஒன்றுசேர்த்த பகுப்பாய்வு ஒன்று, தகவல் சார்ந்த உரைகளைக் காகிதத்தில் படிப்பவர்கள் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். அதே பகுப்பாய்வில் கதைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. காகிதப் பிரியர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

காகிதத்தின் செலவு இடம்தான். வீடு மாறும்போது புத்தகப் பெட்டியைத் தூக்கியவருக்கு விளக்கம் தேவையில்லை. அமிலம் கலந்த தாளில் அச்சான பழைய புத்தகங்கள் மஞ்சளித்து, மடித்தால் ஓரம் உடையும். நீண்ட நாள் வைத்திருக்க வாங்கும்போது அமிலமில்லாத தாளா என்று முன்பக்கத்தில் பாருங்கள், சில பதிப்பகங்கள் குறிப்பிடும்.

மின்மைப் படிப்பான் (கிண்டில் போல, காகிதம் மாதிரித் தோன்றும் திரையுள்ள கருவி) தனியாகச் சொல்லவேண்டியது. கைப்பேசியோடு இதைச் சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. அறிவிப்புகள் வராது, பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்ற ஒரே வசதிக்காகவே, கண் மங்கியவர்களுக்கு இதுதான் புத்தகம். அவர்களிடம் போய்க் காகித வாசனையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கொடுமை. எந்தக் கடையின் பூட்டுக்குள் சிக்குகிறீர்கள் என்பது மட்டும் கவனம். பூட்டில்லாத இபப் (EPUB) வகை மின்னூல் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கைப்பேசியில் படிப்பது காத்திருக்கும் பத்து நிமிடத்துக்குச் சரி.

நான்காவது வழி ஒன்று எப்போதும் மறந்துபோகிறது: நூலகம். சொந்தம் கிடையாது, ஆனால் கவனமும் காகிதமும் கிடைக்கும், அலமாரி நிறையாது, திருப்பிக் கொடுக்கும் தேதி இருப்பதால் படித்தும் முடிப்போம். ஒருமுறை படித்தால் போதும் என்ற புத்தகத்துக்கு நூலகமோ மின்னூலோ. திரும்பத் திரும்பப் புரட்டவேண்டியதற்கும் ஓரத்தில் சண்டைபோட்டு எழுதவேண்டியதற்கும் காகிதம்.

## குறிப்பும் நாட்குறிப்பும்

கவனம்தான் குறை என்றால், செலவு குறைவாகவும் பலன் சீக்கிரமாகவும் கிடைக்கும் இடம் இது. டர்ன்டேபிளைத் தொடுவதற்கு முன் இங்கே தொடங்குங்கள்.

மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கையால் எழுதுபவருக்கு அவ்வளவு வேகம் வராததால் சுருக்கி, தன் சொல்லில் எழுதவேண்டியிருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டிப் பிரபலமானது. 2019இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு நினைவாற்றலில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனவே 'கையால் எழுதினால் மறக்காது' என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நோட்டுக்குள்ளிருந்து செய்தி வராது.

குறை, தேட முடியாதது. அதற்கு என் வழக்கம்: புது நோட்டின் முதல் நான்கு பக்கத்தை வெறுமையாக விடுவேன். மற்ற பக்கங்களுக்கு எண் போடுவேன். வாரம் ஒருமுறை முக்கியமான தலைப்பையும் பக்க எண்ணையும் முன்னால் எழுதிவிடுவேன். ஐந்து நிமிட வேலை, இதுவே தேடுபொறி.

மை விஷயத்தில் ஒரு சூடு பட்டிருக்கிறேன். பையில் மழைத்தண்ணீர் புகுந்து ஒரு நோட்டு நனைந்தது. மைப்பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீல மேகமாகிவிட்டது. நடுநடுவே அவசரத்தில் பால்பாயின்டில் கிறுக்கிய வரிகள் அப்படியே நின்றன. நான் அழகாக எழுதியதெல்லாம் போய், 'பல்பு வாங்கணும்' மட்டும் மிஞ்சியது. பால்பாயின்ட் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் கரையாது. பென்சிலும் கரையாது. மைப்பேனாதான் வேண்டும் என்றால் தண்ணீரில் கரையாத நிறமி மை கிடைக்கிறது. பேனாவை அடிக்கடி கழுவவேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

மறைந்த செலவு, எழுதுபொருள் மோகம். ரைடர் கரோல் 2013இல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் என்ற குறிப்பெழுதும் முறைக்குத் தேவை ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். அது போய் வண்ண நாடா, ஸ்டிக்கர், ஏழு விதப் பேனா என்று விரிந்து, எழுதுவதைவிட அலங்கரிப்பதே வேலையாகிவிட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது இனிய பொழுதுபோக்கு, கவனத்துக்கான மருந்தில் சேராது.

மூன்றாவது தேர்வு, மின்மை எழுதுபலகை. வெளிச்சம் உமிழாத திரையில் பேனாவால் எழுதலாம், கோப்பாகவும் சேமிக்கலாம். நிறைய பிடிஎஃப் படித்துக் குறிப்பெழுதும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பொருந்தும். மற்றவர்களுக்கு, ஒரு நோட்டின் வேலைக்கு இவ்வளவு விலை அதிகம்.

காகிதத்துக்குக் கொண்டுவரக் கூடாதவையும் உண்டு: மாதாமாதம் திரும்பி வரும் நினைவூட்டல், வீட்டில் நாலு பேர் பார்க்கவேண்டிய நாள்காட்டி, தொலைபேசி எண்கள். இவற்றைக் கைப்பேசியிலேயே விடுங்கள்.

அப்படியே ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ஒப்பிட ஒன்றுமில்லை. அலாரத்தை அணைக்கக் கைப்பேசியை எடுத்த கை அதை உடனே கீழே வைப்பதில்லை. கைப்பேசி வேறு அறையில் தூங்கட்டும்.

## புகைப்படம்

கோடக் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா, 0.01 மெகாபிக்சல் படத்தைக் கேசட் நாடாவில் எழுத 23 வினாடி எடுத்துக்கொண்டது. 2012இல் கோடக்கே திவால் பாதுகாப்புக் கோரியது. பிறகு, செத்துவிட்டது என்று எழுதப்பட்ட ஃபிலிம், இளையவர்கள் கையில் எழுந்து உட்கார்ந்தது.

35 மி.மீ. ஃபிலிம். ஒரு சுருளில் 36 படம். ஒவ்வொரு தட்டலுக்கும் காசு, எனவே யோசித்துத்தான் எடுப்பீர்கள். அதுதான் இதன் பாடத்திட்டம். ஆனால் ஆய்வகத்தில் கழுவியதும் பெரும்பாலும் ஸ்கேன் செய்து கோப்பாகத்தான் அனுப்புகிறார்கள், நீங்களும் அதைக் கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறீர்கள். நெகட்டிவைக் கேட்டு வாங்காவிட்டால் சில இடங்களில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது போனால் நீங்கள் சுற்றுவழியில் டிஜிட்டல் படம் எடுத்தவராகிவிடுவீர்கள். விமான நிலையங்களில் மருத்துவமனை ஸ்கேன் போன்ற புதிய சி.டி. (CT) வகை எக்ஸ்ரே இயந்திரங்கள் ஃபிலிமைக் கெடுக்கும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உடனடிப் படம், எடுத்ததும் கேமராவே அச்சாகத் தருவது. இன்ஸ்டாக்ஸ் ஒரு பெட்டியில் 10, போலராய்டில் 8. விருந்தினர் கையில் அப்போதே கொடுத்துவிடலாம், அந்த மகிழ்ச்சிக்கு மாற்று இல்லை. நெகட்டிவ் கிடையாது, கொடுத்தால் போனது போனதுதான்.

டிஜிட்டலில் எடுத்து அச்சிடுவது. கவர்ச்சியில்லாத இந்த மூன்றாவது வழிக்கே என் பரிந்துரை. வருடக் கடைசியில் ஐம்பது படம் தேர்ந்தெடுத்து அச்சிட்டு ஆல்பத்தில் போடுங்கள். ஆயிரக்கணக்கில் எடுத்ததிலிருந்து ஐம்பதைத் தேர்வதே, ஃபிலிம் கற்றுத்தரும் அதே நிதானம், எடுத்த பிறகு வருகிறது. பின்பக்கம் யார், எப்போது என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு எழும்.

## திரைப்படத் தட்டு, விளையாட்டுத் தட்டு

சுருக்கமாக. படத்தரத்தில் 4கே புளூரே தட்டு ஸ்ட்ரீமிங்கைவிடத் தெளிவாக மேல். வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தரவு தர முடியும், ஸ்ட்ரீமிங்குக்குப் பொதுவாக 15 முதல் 25தான். சிக்கல் பிளேயரில். சாம்சங் 2019இல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்தியது, எல்ஜி 2024இல். மண்டலக் குறியீடு வேறு இருக்கிறது: டிவிடியில் ஆறு, சாதாரண புளூரேயில் மூன்று, வேறு மண்டலத் தட்டு உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். திரும்பத் திரும்பப் பார்க்கும் இருபது படங்களுக்கு வாங்கலாம், அதற்கு மேல் அலமாரிக்குத்தான் லாபம்.

விளையாட்டுகளில் பெட்டியை நம்பாதீர்கள். சிலவற்றில் உள்ளே இருப்பது பதிவிறக்கத்துக்கான சாவி மட்டும். 2025இல் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியுடன் வந்த 'கேம்-கீ' அட்டைகள் அந்த வகைதான்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | சொந்தம் | கவனம் | பராமரிப்பு | யாருக்கு |
|---|---|---|---|---|
| இசை ஸ்ட்ரீமிங் | இல்லை | குறைவு | இல்லை | இன்னும் தேடுபவருக்கு |
| சிடி, கூடவே கோப்பு | முழுமை | நடுத்தரம் | குறைவு | சேர்த்துவைக்க விரும்புபவருக்கு |
| வினைல் | முழுமை | அதிகம் | அதிகம் | உட்கார்ந்து கேட்பவருக்கு |
| காகிதப் புத்தகம் | முழுமை | அதிகம் | இடம் மட்டும் | திரும்பப் புரட்டுபவருக்கு |
| மின்மைப் படிப்பான் | கடையைப் பொறுத்தது | அதிகம் | குறைவு | பயணிக்கு, கண் மங்கியவருக்கு |
| நோட்டு | முழுமை | மிக அதிகம் | குறைவு | பெரும்பாலும் எல்லாருக்கும் |
| ஃபிலிம் | நெகட்டிவ் இருந்தால் | அதிகம் | அதிகம் | கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு |
| டிஜிட்டல், பிறகு அச்சு | முழுமை | நடுத்தரம் | குறைவு | குடும்ப நினைவுக்கு |

அட்டவணையில் சுவைக்கு இடமில்லை. அதை உங்களுக்காக நான் நிரப்ப முடியாது.

## சில நிலைமைகள்

கைப்பேசித் தொல்லை மட்டுமே காரணம் என்றால்: அலாரக் கடிகாரம், ஒரு நோட்டு. இரண்டு மாதம் வேறெதுவும் வாங்காதீர்கள்.

வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுபவர் என்றால்: வினைலும் பெரிய புத்தகச் சேமிப்பும் வேண்டாம். சிடியின் பிளாஸ்டிக் டப்பாவைத் தள்ளிவிட்டு, தட்டையும் அட்டையையும் மெல்லிய உறையில் போட்டால் நூறு ஆல்பம் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால்: அவர்கள் தாங்களே எடுத்துப் போடக்கூடிய சிடி பிளேயர் நல்லது, திரையில்லாமல் பாட்டு வரும். திறந்த டர்ன்டேபிள் கை எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. முள்ளின் விலையைப் பிறகு தெரிந்துகொள்வீர்கள்.

பழைய பெட்டி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்றால்: புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திறங்கள். அச்சிட்ட புகைப்படங்கள் காத்திருக்கும். காந்த நாடா காத்திருக்காது, அதைப் படிக்கும் இயந்திரங்களும் குறைந்துகொண்டே போகின்றன. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டை ஓரமாக வையுங்கள், அந்தப் பாட்டு வேறெங்காவது கிடைக்கும். கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட்டுகளைத் தனியே எடுங்கள். யாராவது பேசியதோ பாடியதோ அதில் இருக்கலாம். பிளேயரில் போடுமுன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் மூடிகளையும் பேனா முனையால் உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானில் கை பட்டாலும் அது அழுந்தாது.